அப்பாவுக்கு வராத அழுகை சினிமாவுக்கு வருகிறதே!

வாசகர் கேள்வி: எனக்கு 41 வயது. கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. வீட்டுக்கு மூத்தவன். பக்கவாதம் வந்து இரண்டு வருடம் படுக்கையில் இருந்த அப்பா, எட்டு மாதத்துக்கு முன் தவறிவிட்டார். ஐஸ் பெட்டி, சுடுகாடு, பதினாறாம் நாள் காரியம், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்று என்று எல்லாவற்றையும் நான்தான் பார்த்தேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. ‘கல்லு மாதிரி நின்னான்’ என்று சொந்தக்காரர்கள் பாராட்டினார்கள். போன மாதம் ஒரு ராத்திரி போனில் ஒரு படம் பார்த்தேன். வெளியூர் வேலைக்குப் போகிற மகனை அப்பா பஸ் ஏற்றிவிடுவார். பஸ் நகர்ந்த பிறகும் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நாலடி கூடவே நடந்து வருவார். அந்த இடத்தில் அழ ஆரம்பித்தவன் முக்கால் மணி நேரம் நிறுத்தவில்லை. மறுநாள் நெஞ்சுப் பாரம் குறைந்த மாதிரி இருந்தது. அதிலிருந்து தினமும் படுக்கப் போகும் முன் அந்தக் காட்சியை மட்டும் போட்டுப் பார்க்கிறேன். இப்போதெல்லாம் அழுகை சரியாக வருவதில்லை. வந்தாலும் தலைவலிதான் மிச்சம். ‘உங்கப்பாவுக்கு அழாம சினிமாவுக்கு அழறீங்களே’ என்கிறாள் மனைவி. படம் பார்த்து மனக்காயம் ஆறுமா? இப்படியே தொடரலாமா? அம்மா முன்போல யாரிடமும் பேசுவதில்லை. அவருக்கும் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டலாமா?

மனநல ஆலோசகரின் பதில்:

ஆறும். ஆனால் படம் அதில் பாதி வேலையைத்தான் செய்யும். உள்ளே கிடந்ததை வெளியே கொண்டுவந்து போடுவது வரைதான் அதன் பங்கு. வெளியே வந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்பது, படம் முடிந்த பிறகு வருகிற ஒன்றரை மணி நேரத்தில் இருக்கிறது. முதல் நாள் அந்த நேரம் உங்களுக்குத் தானாகவே கிடைத்தது. முக்கால் மணி நேரம் அழுதீர்கள், அப்பாவை நினைத்தபடி விழித்திருந்திருப்பீர்கள். இப்போது காட்சியைப் பார்த்த கையோடு போனை வைத்துவிட்டுத் தூங்கப் போகிறீர்கள்.

படத்தின் பெயரை எழுதியிருந்தீர்கள், இங்கே எடுத்துவிட்டோம். போட்டால், துக்கத்தில் இருக்கிற நாலு பேர் அதை மாத்திரை மாதிரி வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். உங்களைத் தேம்பி அழவைத்த படம் இன்னொருவருக்குக் கொட்டாவியை வரவழைக்கலாம். ஏன் அந்தக் காட்சி, ஏன் உங்களுக்கு என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

அதற்கு முன் ஒரு விஷயம். சாவு வீட்டில் அழாமல் நின்றது குற்றமும் இல்லை, நோயும் இல்லை. ஐஸ் பெட்டிக்கு யாரிடம் சொல்வது, தங்கச்சி எந்த பஸ்ஸில் வருகிறாள், எத்தனை மணிக்கு எடுப்பது, பந்தல்காரருக்கு எவ்வளவு என்று ஓடிக்கொண்டிருப்பவருக்கு அழுகை வருவது கஷ்டம். அதற்கு உடம்பு சற்றுத் தளர வேண்டும். ஏற்பாடுகளைக் கவனிக்கிற ஆளின் உடம்பு அந்த மூன்று நாளும் தளரவே தளராது. நெடுநாள் படுக்கையில் இருந்தவரைப் பார்த்துக்கொண்ட வீடுகளில் இன்னொன்றும் நடக்கும். துக்கத்தின் ஒரு பகுதி சாவுக்கு முன்பே, மருத்துவமனை வராந்தாவிலும் நள்ளிரவில் படுக்கை விரிப்பு மாற்றும்போதும், கொஞ்சம் கொஞ்சமாகக் கழிந்திருக்கும். ‘அன்றைக்கு அழாதவன் பின்னால் மொத்தமாக நொறுங்கிப்போவான்’ என்று ஒரு நம்பிக்கை உண்டு. துணையை இழந்தவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் பொனானோவுக்கு அதற்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. பெரிதாக அழாமல் அன்றாட வேலையைப் பார்த்தவர்களில் கணிசமானோர் பின்னாளிலும் நன்றாகவே இருந்தார்கள். ஆகவே எட்டு மாதக் கண்ணீர் பாக்கியை வட்டியோடு கட்ட வேண்டுமென்று நீங்கள் நினைக்க வேண்டியதில்லை.

மனைவி கேட்டதற்கு வருவோம். நம் ஊர்களில் ஒப்பாரி வைக்கிற பெண்களைக் கவனித்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஒப்பாரியில் செத்தவரைப் பற்றிப் பொதுவாகப் புலம்ப மாட்டார்கள். என்ன வாங்கி வருவார், எந்தத் திண்ணையில் உட்காருவார், எதற்காகக் கோபித்துக்கொண்டு போனார் என்று பொருள் சொல்லி, இடம் சொல்லி அழுவார்கள். ஒருத்தி அடியெடுப்பாள், தோளைக் கட்டிக்கொண்டு சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் சேர்ந்துகொள்வார்கள். அடுத்த வீட்டுச் சாவில் தன் தாய்க்காகவோ, தவறிய பிள்ளைக்காகவோ அழுதுவிட்டு வருவது அங்கே சகஜம். நீ யாருக்கு அழுகிறாய் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. அந்த வட்டத்தில் ஆண்களுக்கு இடம் கிடையாது. அவர்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வண்டி எப்போது வரும் என்று பேசிக்கொண்டிருக்க வேண்டும்.

உங்களுக்கு அந்த இடத்தைப் படம் கொடுத்தது. அறையில் யாரும் பார்க்கவில்லை, கையில் வேலை எதுவும் இல்லை, கதையும் உங்களுடையது இல்லை. சொந்த அப்பாவை நேருக்கு நேர் நினைக்க மனம் கூசும்போது இன்னொருவருடைய அப்பாவைப் பார்ப்பது எளிது. இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்பதும் ஒரு தைரியம். படங்களைக் கலந்தாலோசனையில் ஒரு துணைக்கருவியாகப் பயன்படுத்துவதற்கு 1990-இலேயே ‘சினிமா தெரபி’ என்று பெயர் வைத்து எழுதியிருக்கிறார்கள். அதில் படத்தைப் பார்ப்பதோடு வேலை முடிவதில்லை. பார்த்ததைப் பற்றிப் பேசுவதும் சேர்ந்துதான் சிகிச்சை.

2015-இல் வெளியான ஓர் ஆய்வு உங்கள் அனுபவத்தோடு நன்றாகப் பொருந்துகிறது. நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்றது அது. ‘லைஃப் இஸ் பியூட்டிஃபுல்’, ‘ஹாச்சி’ ஆகிய இரண்டு படங்களை 60 பேருக்குப் போட்டுக் காட்டி, முன்னும் பின்னும் அவர்களுடைய மனநிலையை அளந்தார்கள். படம் முடிந்த கையோடு கேட்டபோது, அழுதவர்களின் மனநிலை முன்பைவிட மோசமாக இருந்தது. 20 நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்பியது. 90 நிமிடம் கழித்து, படம் பார்ப்பதற்கு முன் இருந்ததைவிட மேலாக இருந்தது. அழாதவர்களிடம் அப்படிப் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. சிறிய ஆய்வுதான், பார்த்தவர்கள் துக்கத்தில் இருந்தவர்களும் இல்லை. இருந்தாலும் நடைமுறைக்கு இதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அழுது முடித்த முதல் 20 நிமிடம் நாம் பள்ளத்தில் இருக்கிறோம். அந்த நேரத்தில் எந்த முடிவும் எடுக்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது, படுக்கவும் கூடாது. நீங்கள் தினமும் சரியாக அந்த நேரத்தில்தான் படுக்கிறீர்கள்.

கண்ணீர் வழியாக மன அழுத்த நச்செல்லாம் வெளியேறிவிடுகிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றும். சிந்துகிற சில சொட்டில் அப்படி உடம்பைச் சுத்தம் செய்கிற அளவுக்கு ஒன்றும் போய்விடாது, நம்பிவிடாதீர்கள். தலைவலிக்கும் பெரிய மர்மம் கிடையாது. அழும்போது மூக்கின் உட்சவ்வு வீங்கும், நெற்றியும் தாடையும் கழுத்தும் இறுகும். குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவி, ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடித்து, உட்கார்ந்தபடி தோளைத் தளர்த்தினால் பெரும்பாலும் அரை மணியில் இறங்கிவிடும். அழுத முகத்தோடு மல்லாந்து படுத்தால் மூக்கடைப்பு கூடி வலியும் கூடும்.

காட்சியை மட்டும் வெட்டிப் பார்ப்பதில் என்ன கெடுகிறது? அந்த அப்பா ஜன்னல் கம்பியைப் பிடிப்பதற்கு முன் ஒன்றரை மணி நேரம் அவரோடு நீங்கள் வாழ்ந்திருக்கிறீர்கள். அவருடைய சட்டைப்பையில் எவ்வளவு இருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் அந்தக் கை உங்களை உலுக்கியது. அந்தக் காட்சிக்குப் பிறகும் படம் ஓடுகிறது. மகன் ஊர் திரும்புகிறான், யாரோ சிரிக்கிறார்கள், மனம் மெல்ல இறங்குகிறது. மூன்று நிமிடத் துண்டில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, உச்சம் மட்டும் இருக்கிறது. உச்சத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கொடுத்தால் உடம்பு பழகிவிடும். அழுகை குறையும், குறைந்ததைத் தேடி இன்னும் இரண்டு முறை போடுவீர்கள். போதாததற்கு ஆட்டோபிளே வேறு. ஒரு அப்பா காட்சி முடிவதற்குள் அடுத்த அப்பா காட்சி தானாக வரும். நான்கு நாள் பார்த்தால் ரீல்ஸ் முழுக்க இறந்துபோன அப்பாக்களாகவே நிறைந்துவிடும். இன்றே ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள், வருகிற துண்டுகளுக்கு ‘ஆர்வமில்லை’ கொடுங்கள், போனில் சேமித்து வைத்திருக்கும் துண்டை அழித்துவிடுங்கள். முழுப் படம் இருக்கட்டும்.

இனி, ஏன் அந்தக் காட்சி? தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு காரணம் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்ந்து நாம் சிறுமைப்பட்டது, உறவையோ உடைமையையோ இழந்தது, இருந்த நிலை கெட்டு வேறாகிப்போனது, வேண்டியதைப் பெற முடியாத இல்லாமை. துக்கத்தில் இருப்பவருக்கு இது இன்றைக்கும் கைகொடுக்கிற பட்டியல். ‘அப்பா செத்துட்டார், அதனால் அழறேன்’ என்று எல்லோரும் இழவை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவார்கள். நீங்கள் எழுதிய காட்சியில் யாரும் சாகவில்லையே. ஓர் அப்பா தன் காலால் நடக்கிறார், தன் கையால் கம்பியைப் பிடிக்கிறார். இரண்டும்தான் உங்கள் அப்பாவிடமிருந்து பக்கவாதம் பிடுங்கிக்கொண்டவை. நடக்கிற அப்பாவை நீங்கள் இழந்தது எட்டு மாதத்துக்கு முன் அல்ல. அதற்கும் இரண்டு வருடம் முன்பு. அன்றைக்கு யாரும் துக்கம் கேட்க வரவில்லை, உங்களுக்கும் மருத்துவமனை ஓட்டம். இது எங்கள் ஊகம்தான். சரியா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். பக்கவாதத்தில் அவருக்கு எந்தக் கை விழுந்தது என்று கடிதத்தில் இல்லை. அங்கிருந்தே எழுதத் தொடங்கலாம்.

எப்படிச் செய்வது என்று பார்ப்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு, இரண்டரை மணிக்குத் தொடங்குங்கள். சாப்பிட்டு அரை மணியாவது ஆகியிருக்கட்டும். படத்துக்கு இரண்டரை மணி, பிறகு ஒன்றரை மணி. ஆறரைக்குள் முடிந்துவிடும், இரவுத் தூக்கம் கெடாது. போனில் வேண்டாம், டிவியில் பாருங்கள். கைக்குள் இருக்கிற திரையில் நிறுத்தவும் தள்ளவும் விரல் துறுதுறுக்கும். போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். பக்கத்தில் தண்ணீர், துண்டு, ஒரு நோட்டு, பேனா. முதலிலிருந்து கடைசிவரை, பாட்டைக்கூட ஓட்டாமல் பாருங்கள். அழுகை வந்தால் வரட்டும், வராவிட்டால் வரவழைக்க வேண்டாம். கண்ணை இறுக்கி, மூச்சைப் பிடித்து முயற்சி செய்வதால்தான் பலருக்குத் தலை வலிக்கிறது.

படம் முடிந்ததும் பெயர்கள் ஓடி முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருங்கள். பிறகு நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். முகம் கழுவி வந்து நோட்டை எடுங்கள். முதல் மூன்று வரி படத்தைப் பற்றி: எந்த இடத்தில் தொண்டை அடைத்தது, அப்போது திரையில் சரியாக எது தெரிந்தது, முகமா, கையா, குரலா? நான்காவது வரியை ‘என் அப்பா’ என்று தொடங்குங்கள். அங்கிருந்து படத்தை விட்டுவிடலாம். மொத்தம் 15 நிமிடம், கடிகாரம் பார்த்து நிறுத்துங்கள். அடுத்த மூன்று நாளும் படம் போடாமல் இதே 15 நிமிடம் எழுதுங்கள். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் கல்லூரி மாணவர்களை, மனதை வாட்டிய அனுபவங்களைப் பற்றி எழுதவைத்துச் செய்த புகழ்பெற்ற சோதனையின் அளவு இது. நாளுக்கு 15 நிமிடம், நான்கு நாள். எழுதிய அன்று அவர்களுடைய மனம் கனத்தது. அடுத்த சில மாதங்களில் அவர்கள் மருத்துவ மையத்துக்குப் போவது குறைந்தது. பிற்பாடு துக்கத்தில் இருப்பவர்களிடம் மட்டும் சோதித்தபோது எல்லோருக்கும் பலன் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நான்கு நாள் எழுதியும் ஒன்றும் நகரவில்லை என்றால் நோட்டை மூடிவிட்டுப் பேச ஓர் ஆளைத் தேடுங்கள். எழுதியதை யாருக்கும் காட்ட வேண்டாம், எழுத்துப் பிழை பார்க்க வேண்டாம், கிழித்துப் போட்டாலும் நட்டம் இல்லை.

எழுதும்போது பலர் சறுக்குகிற இடம் ஒன்று இருக்கிறது. ‘அன்புத் தெய்வம்’, ‘தியாகச் செம்மல்’ என்று கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் மொழியில் கை போகும். அந்த வார்த்தைகள் வந்தால் அடித்துவிட்டு, அவர் கடைசியாக உங்களிடம் எதற்குச் சத்தம் போட்டார் என்று எழுதுங்கள். சினிமா அப்பாவிடம் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டியதும் இங்கேதான். திரையில் வருகிற அப்பாக்கள் பெரும்பாலும் குறையே இல்லாதவர்கள். அவர்களுடைய கோபத்துக்குக் கூட பின்னால் ஒரு காரணம் தெரிய வந்துவிடும். இரண்டு வருடப் படுக்கையை ஒரு பாட்டுக்குள், மூன்று நிமிடத்தில் தாண்டிவிடுவார்கள். அந்தப் பாட்டில் ராத்திரி மூன்று மணிக்கு மூன்றாவது முறை கூப்பிட்டபோது மகன் எரிந்து விழுந்தது இருக்காது. டயப்பர் விலை இருக்காது. ‘சீக்கிரம் போய்ச் சேர்ந்தா அவருக்கும் நல்லது’ என்று நினைத்துவிட்டு, நினைத்ததற்காக மூன்று நாள் வெந்ததும் இருக்காது. அதனால் படம் முடிந்ததும் அந்த மகனோடு தன்னை ஒப்பிட்டுப் பார்க்கிறவருக்குக் குற்ற உணர்ச்சிதான் மிஞ்சும். நெடுநாள் பார்த்துக்கொண்டவர்களுக்குச் சலிப்பும் கோபமும் சாவுக்குப் பின் ஒரு நிம்மதியும் வருவது சாதாரணம். பாசம் இல்லாததற்கு அது அடையாளம் அல்ல. நோட்டில் அதற்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். நான்கு நாளில் மூன்றாவது நாள் அதற்குத் தோதான நாள். முதல் நாளே அதில் இறங்கினால் பலர் எழுதுவதையே நிறுத்திவிடுகிறார்கள்.

வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் இப்படிப் படம் பார்க்க வேண்டாம். ஒரே படத்தை இரண்டு, மூன்று தடவையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்து எடுக்கும் படம் உங்கள் வீட்டு நிகழ்வுக்குச் சற்றுத் தள்ளி இருக்கட்டும். வேறு ஊர், வேறு காலம், வேறு மொழி, அப்பா–மகன் அல்லாமல் தாத்தா–பேத்தியோ, அண்ணன்–தம்பியோ. ஐசியூ, பக்கவாதம், நெடுநாள் படுக்கை வருகிற படங்களை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். பார்ப்பதற்கு முன் முழுக் கதையையும் முடிவு உட்படப் படித்துக்கொள்ளலாம். இந்த நோக்கத்துக்குக் கதை முன்பே தெரிந்திருப்பது நல்லதுதான். இடையில் நகைச்சுவைப் படமும் பார்க்கலாம், கிரிக்கெட்டும் பார்க்கலாம். 1999-இல் ஸ்ட்ரோப், ஷுட் என்ற இரு ஆய்வாளர்கள் துக்கத்தைப் பற்றிச் சொன்ன விளக்கத்தின்படி, இழப்பை நினைத்து உருகுவதும், அதை மறந்து அன்றாட வேலையில் இறங்குவதும் மாறி மாறி நடக்க வேண்டும். ஒன்றிலேயே தங்கிவிடுவதுதான் சிக்கல். கணக்குப் பிரிவில் மார்ச் மாத வேலையில் அப்பா நினைவே வராமல் ஒரு வாரம் போனால் அதற்கு வருந்தாதீர்கள்.

எப்போது நிறுத்த வேண்டும்? அழுகை வருவது நிறுத்துவதற்கான அடையாளம் இல்லை. நெஞ்சு படபடத்து வியர்த்தால், மருத்துவமனை வாடையோ அந்தக் கடைசி மூச்சுச் சத்தமோ இப்போது நடப்பது போல வந்தால், அல்லது கைகால் மரத்து எதுவுமே உறைக்காமல் போனால் உடனே படத்தை நிறுத்துங்கள். விளக்கைப் போடுங்கள், இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்துங்கள், அறையில் கண்ணுக்குத் தெரிகிற ஐந்து பொருளின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். அன்றைக்கு மறுபடி தொடர வேண்டாம். விபத்திலோ தற்கொலையிலோ ஒருவரை இழந்தவர்கள் இந்த முறையைத் தனியாகச் செய்யவே வேண்டாம். ஆலோசகர் துணையோடு செய்யட்டும்.

குடித்துவிட்டுப் பார்ப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறோம், ஆண்களிடம் இது அதிகம். ஒரு குவார்ட்டர் உள்ளே போனால் அழுகை சுலபமாக வரும். ஆனால் அந்த நிலையில் எதையும் யோசித்து அடுக்கிவைக்க முடியாது, நள்ளிரவில் தூக்கம் கலையும், மறுநாள் மனம் இன்னும் தாழும். நான்கு வாரத்தில் படம் போய் பாட்டில் மட்டும் மிஞ்சும்.

மனைவியிடம் விளக்கம் கொடுத்து வாதாடாதீர்கள். அவர் கேட்டதில் கேலி மட்டுமே இருப்பதாகவும் எங்களுக்குத் தோன்றவில்லை. எட்டு மாதமாக உங்களை எட்ட முடியாத வருத்தமும் இருக்கலாம். ‘அந்த சீன்ல அவர் கம்பியைப் புடிக்கறதைப் பாத்தா அப்பா நடமாடிட்டு இருந்த காலம் ஞாபகம் வருது. நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம், பத்து நிமிஷம் கேட்டா போதும்’ என்று சொல்லிப் பாருங்கள். பத்து நிமிஷம் என்று அளவு சொல்வது முக்கியம். எதிரில் இருப்பவருக்கு, இதை நான் எப்படிச் சரி பண்ணுவது என்ற பதற்றம் அதில் குறையும்.

அம்மாவுக்கு இந்தப் படம் வேண்டாம். அது மகனின் கண்ணால் சொல்லப்பட்ட கதை. அம்மா அதில் வாசற்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்; நம் படங்களில் பாதி அம்மாக்களுக்கு வேறு வேலை கொடுக்கப்படுவதில்லை. உங்கள் அம்மா இழந்தது கணவரை. கூடவே, இரண்டு வருடமாக நாள் முழுவதும் செய்துகொண்டிருந்த வேலையையும் ஒரே நாளில் இழந்திருக்கிறார். அவருடைய அழுகைக்குக் காரணம் இழவாக மட்டும் இருக்க வேண்டும் என்பதில்லை. வளைகாப்புக்குக் கூப்பிடாமல் விட்டார்களா, கல்யாண வீட்டில் முன்வரிசையிலிருந்து யாராவது எழுப்பினார்களா என்று ஜாடையாக விசாரியுங்கள். அந்த இளிவை எந்தப் படமும் ஆற்றாது. உங்கள் வீட்டு விசேஷத்தில் அவர் கையால் முதல் தட்டை எடுக்கவைத்தால் ஆறும்.

இன்னும் சில சாதாரண விஷயங்களையும் பாருங்கள். காது மந்தமாகியிருக்கலாம், பேச்சுக் குறைவதற்கு முதியவர்களிடம் அதுவும் ஒரு காரணம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா, எடை குறைந்திருக்கிறதா, விடிகாலை மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிடுகிறாரா என்று கவனியுங்கள். தைராய்டு பரிசோதனை கடைசியாக எப்போது செய்தது என்று பாருங்கள்.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகு படம் போடலாம் என்று தோன்றினால், தேர்வை அவரிடமே விடுங்கள். கல்யாணம் ஆன புதிதில் அப்பாவோடு எந்தக் கொட்டகையில் என்ன படம் பார்த்தார் என்று கேளுங்கள். பெண்கள் பக்கம் தனியாக மணலில் உட்கார்ந்தாரா, இடைவேளையில் அப்பா என்ன வாங்கிக் கொடுத்தார், திரும்பி வரும்போது சைக்கிளா, நடையா என்று கேட்டால் படம் போடாமலேயே ஒரு மணி நேரம் பேச்சு ஓடலாம். போட்டால் ரிமோட் அவர் கையில் இருக்கட்டும். பாதியில் நிறுத்தி காபி குடியுங்கள், எழுந்து போனால் பின்னால் போகாதீர்கள். அழுகிறாரா என்று முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டாம். ‘அழாதம்மா’ என்ற சொல்லை மட்டும் விழுங்கிவிட்டு, ‘அப்புறம்?’ என்று கேளுங்கள். அப்பாவின் முதல் வருடத் திதிக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அந்த வாரத்தில் இருவருக்கும் மனம் மறுபடி கனக்கும். அதை ஒட்டிப் புதிதாக எந்தப் படத்தையும் முயன்று பார்க்க வேண்டாம்.

மருத்துவரிடம் எப்போது போவது? உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாட்டில் ஆறு மாதத்துக்கு மேலும், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2022-இல் வெளியிட்ட மனநோய்க் கையேட்டின் திருத்தப் பதிப்பில் பெரியவர்களுக்கு ஒரு வருடத்துக்கு மேலும், நாள் தவறாமல் ஏக்கம் வாட்டி, வேலையையும் குடும்பத்தையும் பார்க்க முடியாமல் போனால் அதை நீடித்த துக்கக் கோளாறு என்கிறார்கள். கடிதத்தை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு அது இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் நாளின் பெரும்பகுதி மனம் தாழ்ந்தே இருப்பது, சாப்பாடும் தூக்கமும் கெடுவது, எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் இவை உங்களிடமோ அம்மாவிடமோ தெரிந்தால் படத்தை நம்பிக் காத்திருக்காதீர்கள். ‘நானும் அவரோட போயிருக்கலாம்’ என்று அம்மா சொன்னால், சும்மா சொல்கிறார் என்று விடாமல், ‘உயிரை விட்டுடலாம்னு தோணுதாம்மா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் அவரைத் தனியாக விடாமல் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

14416 என்ற டெலி-மானஸ் எண், மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசி, இலவசம். 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழில் பேசலாம். நேரில் போவதென்றால் கரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் காலையிலேயே புறநோயாளி சீட்டு வாங்கிக்கொண்டு போங்கள். அப்பா படுத்த நாளிலிருந்து இன்றுவரை நடந்ததை ஒரே பக்கத்தில் மாதவாரியாக எழுதி எடுத்துப்போனால் முதல் சந்திப்பில் பாதி நேரம் மிச்சமாகும். துக்கம் என்றதுமே மாத்திரை எழுதிவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம்; மனச்சோர்வோ தூக்கக் கோளாறோ கூடவே இருந்தால்தான் பெரும்பாலும் அந்தப் பேச்சு வரும். அம்மாவை அழைத்துப் போனால் அவருடைய பழைய மருந்துச் சீட்டுகளையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.